லண்டனில் அரை நாள் நடை, முடிவில் நல்ல பீர்: ஜார்ஜ் இன்னா, ராயல் ஓக்கா?

ஊர்சுற்றி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் வேலை விஷயமாக லண்டன் வருகிறேன். ஒரு வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் எந்த வேலையும் இல்லை. அப்பாவும் கூட வருகிறார். எழுபதைத் தாண்டியவர், முழங்கால் கொஞ்சம் தொந்தரவு. ஆனால் மெதுவாக நடந்தால் சளைக்காமல் வருவார். அரண்மனை, மெழுகுச் சிலை, ராட்டினம் எதுவும் எங்களுக்கு வேண்டாம். பேசிக்கொண்டே நடக்க ஒரு நல்ல வழி, கடைசியில் உட்கார ஒரு பழைய பப், அங்கே உண்மையிலேயே நல்ல பீர். இவ்வளவுதான் கேட்கிறேன். ஊரில் கிடைக்கிற அதே ஜில்லென்ற லாகரைக் குடிக்க இவ்வளவு தூரம் வர வேண்டாம் அல்லவா? அந்த ஊருக்கே உரிய பீர் எது, அதை எங்கே குடிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேம்ஸ்கரை எழுதியது:

செயின்ட் பால்ஸ் பேராலயத்தில் தொடங்குங்கள். மில்லேனியம் பாலத்தில் ஆற்றைக் கடந்து, தென்கரையோடு கிழக்கே வந்து, பரோ ஹை ஸ்ட்ரீட்டில் உள்ள ஜார்ஜ் இன்னில் முடியுங்கள். நேராக நடந்தால் இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் இதற்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், அவசரப்படவே வேண்டாம்.

லண்டனில் நடக்க எத்தனையோ வழி இருக்கும்போது ஏன் இது என்றால், நீங்கள் கடைசியில் குடிக்கப் போகும் பீரின் கதை முழுக்க இந்த வழியில்தான் கிடக்கிறது. ஆற்றின் வடகரை, மதில் சூழ்ந்த பழைய நகரம். தென்கரையில் இருப்பது சதக். நகர நிர்வாகத்தின் கை அங்கே சரியாக எட்டாது. அதனால் நகரம் தன் மதிலுக்குள் வேண்டாம் என்று ஒதுக்கிய எல்லாமே அக்கரையில் போய்ச் சேர்ந்தது: நாடகக் கொட்டகை, கரடிச் சண்டை, விலைமாதர் வீடுகள், சிறைகள், புகை கக்கும் பீர் ஆலைகள். அதோடு 1750 இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கும்வரை நகரத்துக்குள் ஆற்றைக் கடக்க லண்டன் பாலம் ஒன்றுதான் இருந்தது. இரவில் அதன் கதவை அடைத்துவிடுவார்கள். தெற்கிலிருந்து பொழுது சாய்ந்து வந்து சேர்ந்தவர்கள் எங்கே தங்குவார்கள்? பாலத்துக்கு இந்தப் பக்கம் சாலை நெடுக விடுதிகள் முளைத்தன. கென்ட் பகுதியில் விளைந்த ஹாப்ஸும் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடியின் பூ) அதே சாலையில்தான் வண்டி வண்டியாக வந்து இறங்கியது. பயணி, சரக்கு, ஹாப்ஸ், தண்ணீர் நான்கும் ஒரே இடத்தில். பீர் அங்கே வளராமல் வேறு எங்கே வளரும்?

இப்போது வழியைச் சொல்கிறேன்.

செயின்ட் பால்ஸை முன்னால் நின்று பார்ப்பதைவிட, பாலத்தின் நடுவே போய்த் திரும்பிப் பாருங்கள். இரண்டு பக்கக் கட்டடங்களுக்கு நடுவில் அந்த 111 மீட்டர்க் கோபுரம் நேர்கோட்டில் நிற்கும். பாலம் 2000 ஜூனில் திறந்த இரண்டே நாளில் மூடப்பட்டது. மக்கள் நடக்க நடக்கப் பக்கவாட்டில் ஆடியது, ஆட்டத்துக்குத் தக்கபடி எல்லோரும் தம்மையறியாமல் ஒரே தாளத்தில் காலெடுத்து வைக்க, ஆட்டம் இன்னும் கூடியது. அதிர்வைத் தாங்கும் கருவிகளைப் பொருத்தி 2002 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இன்று அசைவதே இல்லை.

அக்கரையில் டேட் மாடர்ன் கலைக்கூடம், முன்பு மின் நிலையமாக இருந்த கட்டடம். அப்பாவுக்குக் கழிப்பறை வேண்டுமென்றால் அங்கேயே போய்விடுங்கள், காசு கிடையாது. வெளியே ஆற்றைப் பார்த்து பெஞ்சுகள் உண்டு. பக்கத்திலேயே குளோப் அரங்கம், ஷேக்ஸ்பியரின் நாடக அரங்கை மறுபடி கட்டி 1997 இல் திறந்தது. 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டனில் நாணல், வைக்கோலால் கூரை வேய்வதற்குத் தடை இருந்தது, அதற்குப் பின் அனுமதி பெற்று எழுந்த முதல் வேய்ந்த கூரை இதுதான். ஆனால் அசல் குளோப் இருந்த இடம் இதுவல்ல. சற்று உள்ளே, பார்க் ஸ்ட்ரீட்டில் இருந்தது. 1613 ஜூனில் நாடகத்தின் நடுவே வெடித்த பீரங்கியின் பொறி கூரையில் விழுந்து மொத்த அரங்கமும் சாம்பலானது. யாரும் சாகவில்லை. ஒருவருடைய கால்சட்டையில் மட்டும் தீப்பற்ற, அவர் பாட்டிலில் இருந்த ஏல் பீரை ஊற்றி அணைத்துக்கொண்டதாக அந்தக் காலத்துக் கடிதம் ஒன்று சொல்கிறது.

ஆகவே குளோப்பைத் தாண்டியதும் ஆற்றங்கரையை விட்டுப் பார்க் ஸ்ட்ரீட்டுக்குள் நுழையுங்கள். சுற்றுலாக் கூட்டம் அங்கே வராது. இந்தத் தெருவில்தான் ஆங்கர் பீர் ஆலை இருந்தது. உரிமையாளர் ஹென்றி த்ரேல் இறந்த பிறகு, 1781 இல் அவர் மனைவி ஹெஸ்டர் அதை 1,35,000 பவுண்டுக்கு விற்றார். வாங்கியவர்கள் பார்க்லே, பெர்கின்ஸ். அடுத்த தலைமுறையில் அது உலகின் மிகப் பெரிய பீர் ஆலைகளில் ஒன்றாகிவிட்டது. தயாரித்தது முக்கியமாகப் போர்ட்டர், கறுத்த பீர். ஆற்றிலும் தெருவிலும் மூட்டை தூக்கிய தொழிலாளிகள் விரும்பிக் குடித்ததால் அந்தப் பெயர்.

இன்று ஆலை இல்லை, சுவரில் நினைவுப் பலகைகள்தான் இருக்கின்றன. அதில் ஒன்றை அவசியம் வாசியுங்கள். 1850 இல் ஹைனாவ் என்ற ஆஸ்திரியத் தளபதி ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தார். ஹங்கேரி எழுச்சியை இரக்கமில்லாமல் நசுக்கியவர், பெண்களைச் சவுக்கால் அடிக்க வைத்தவர் என்று பேரெடுத்த ஆள். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் ஆலையின் வண்டிக்காரர்களும் தொழிலாளிகளும் துடைப்பத்தோடு துரத்தினார்கள், சேற்றை அள்ளி வீசினார்கள். அவர் ஓடிப்போய்ப் பக்கத்து விடுதி ஒன்றில் ஒளிந்துகொள்ள, போலீஸ் படகு வந்துதான் மீட்டது. 1864 இல் லண்டன் வந்த இத்தாலிய விடுதலைப் போராளி கரிபால்டி இந்தத் தொழிலாளிகளைப் பார்ப்பதற்கென்றே ஆலைக்குப் போனார். படித்தவர்களும் பிரபுக்களும் மரியாதைக்காக வாய் மூடி நின்ற இடத்தில் பீப்பாய் உருட்டியவர்கள் நியாயம் பேசியிருக்கிறார்கள். அந்தச் சுவர் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அப்புறம் கிளிங்க் ஸ்ட்ரீட்டில் வின்செஸ்டர் அரண்மனையின் இடிந்த சுவர், அதில் வட்டச் சாளரம். சதக் பேராலயம். பரோ மார்க்கெட். திங்களன்று சந்தை கிடையாது, உங்களுக்கு வியாழன் என்பதால் கவலை இல்லை. சந்தையில் வயிற்றை நிரப்பிக்கொண்டு சதக் ஸ்ட்ரீட்டில் ஹாப் எக்ஸ்சேஞ்ச் முகப்பைப் பாருங்கள். 1867 இல் திறந்தது. உள்ளே கண்ணாடிக் கூரை வைத்ததற்குக் காரணம், ஹாப்ஸ் மாதிரியை இயற்கை வெளிச்சத்தில் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். வாசலுக்கு மேலே முக்கோண முகப்பில் ஹாப்ஸ் அறுவடையைச் செதுக்கியிருப்பார்கள். அங்கிருந்து நாலு எட்டில் ஜார்ஜ் இன்.

நீலக்கடம்பு எழுதியது:

அருமையான வழி. பாலத்தில் ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கோபுரத்தைப் பார்ப்பார்கள், நீங்கள் கொஞ்சம் தரையையும் பாருங்கள். பாலத்தின் தளம் வரிவரியாகப் பள்ளம் போட்ட அலுமினியம். அதில் மக்கள் துப்பிய சூயிங்கம் மிதிபட்டு ஒட்டிக்கிடக்கும். பென் வில்சன் என்ற ஓவியர் தரையில் படுத்துக்கொண்டு அந்தச் சூயிங்கத்தின் மேல் வண்ணம் தீட்டுகிறார். ஒவ்வொன்றும் கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் ஒரு வீடு, ஒரு பறவை, யாரோ ஒருவருடைய பெயர், ஒரு தேதி. குனிந்தால்தான் தெரியும். பாதிப் பேர் அதன் மேலேயே நடந்து போய்விடுகிறார்கள். மெதுவாக நடப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கிற காட்சி.

சதக் பாலத்துக்கு அடியில் நடைபாதைச் சுவரில் கற்பலகையில் ஒரு செதுக்கு வரிசையும் உண்டு. தேம்ஸ் உறைந்து அதன் மேலே சந்தை போட்ட காலத்தைக் காட்டுவது. கடைசியாக அப்படி நடந்தது 1814 இல். பார்க் ஸ்ட்ரீட்டுக்குள் திரும்புவதற்கு முன் இதை ஒரு எட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஹாரோவாசி எழுதியது:

தேம்ஸ்கரை அண்ணை சொன்ன பாதை திறம். ஒரு சொல் மாற்ற மாட்டன். ஆனால் முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஜார்ஜ் இன்னைப் பாருங்கோ, முற்றத்தில் நின்று படம் எடுங்கோ, பிறகு வெளிக்கிட்டு இன்னும் ஐந்து நிமிஷம் ஆறுதலாக நடந்து ராயல் ஓக்குக்குப் போங்கோ. பியர் அங்கைதான்.

ஜார்ஜை நடத்துறது கிரீன் கிங் என்ற பெரிய நிறுவனம். அவையின்ரை பியர் நாடு முழுக்கக் கிடைக்கும், விமான நிலையத்திலும் கிடைக்கும். ராயல் ஓக் அப்படியில்லை. டாபர்ட் ஸ்ட்ரீட் மூலையில் இருக்கிற சின்ன விக்டோரியா காலத்துப் பப். சசெக்ஸ் மாகாணத்தில் லூயிஸ் என்ற சிற்றூரில் ஆற்றங்கரையில் இருக்கிற ஹார்விஸ் ஆலைக்குச் சொந்தம். லண்டனில் அந்தப் பியரை அதன் சொந்த வீட்டில் வைத்துக் குடிக்கிற மாதிரி. சசெக்ஸ் பெஸ்ட் கேளுங்கோ. 4 வீதம்தான், தலைக்கு ஏறாது. முதல் வாய்க்கு மால்ட்டின் (முளைக்க வைத்துக் காயவைத்த பார்லி) இனிப்பு வரும், விழுங்கினபிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு நிண்டு பிடிக்கும், அந்தக் கசப்புத்தான் அடுத்த வாயைக் கேட்கும். பாட்டுப் போட்டுக் காதை அடைக்க மாட்டினம். ரெண்டு அறை, நடுவில் பார். அப்பாவோடை இருந்து கதைக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

போற வழியில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் மணிக்கூண்டை நிமிர்ந்து பாருங்கோ. நாலு முகத்தில் மூன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. பக்கத்துப் பகுதியான பெர்மொண்ட்சிச் சனம் கோயில் கட்டக் காசு தரவில்லை எண்டு அவையளின்ரை பக்கம் இருட்டாக விட்டதாக ஒரு கதை.

தேம்ஸ்கரை எழுதியது:

ஹாரோவாசி, ராயல் ஓக்கின் பீரைப் பற்றி எனக்கும் மறுபேச்சு இல்லை. ஆனால் ஜார்ஜைப் படம் எடுத்துவிட்டு நகரும் இடமாகச் சொல்வதை ஏற்க மாட்டேன்.

அந்தச் சாலையில் ஒரு காலத்தில் முற்றம் முற்றமாக விடுதிகள். இன்றைக்கும் சந்துகளின் பெயரில் அவை இருக்கின்றன: கிங்ஸ் ஹெட், வைட் ஹார்ட், டால்பட், குவீன்ஸ் ஹெட். டால்பட் சந்தில் இருந்ததுதான் டாபர்ட் விடுதி, கவிஞர் சாசரின் 'கான்டர்பரி கதைகள்' நூலில் யாத்திரிகர்கள் கான்டர்பரிக்குக் கிளம்பியது அங்கிருந்து. அந்த நூலில் வரும் மாவு ஆலைக்காரன், தன் பேச்சு குழறினால் பழியைச் சதக் ஏல் மேல் போடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவான். ஆக, ஆறு நூற்றாண்டுக்கு முன்பே அந்த ஊர்ப் பீருக்குப் பேர் இருந்திருக்கிறது. அத்தனை விடுதிகளில் மாடத்தோடு நிற்பது லண்டனிலேயே ஜார்ஜ் ஒன்றுதான். 1676 இல் சதக் தீயில் எரிந்து, மறு ஆண்டு திரும்பக் கட்டியது. முற்றத்தின் மூன்று பக்கமும் இருந்ததில் இரண்டு பக்கத்தை 1889 வாக்கில் ரயில்வே கம்பெனி கிடங்குக்காக இடித்துத் தள்ளியது. மிஞ்சியது தெற்குப் பக்கம் மட்டும். 1937 இல் அது பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்ததால் பிழைத்தது.

உள்ளே போனால் தரை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். உத்தரம் தலையில் இடிக்கும் உயரத்தில். மரப்பலகைச் சுவர் கைபட்டுக் கைபட்டுக் கறுத்திருக்கும். மாடத்தின் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தால், வண்டி எப்போது கிளம்பும் என்று முற்றத்தை எட்டிப் பார்த்தவர்கள் நின்ற இடம் அது என்று புரியும். அப்படி ஒரு இடத்தில் உட்காராமல் வந்தால் நடந்த நடை பாதியில் நின்ற மாதிரி. பீர் ஒரு படி குறைவாகவே இருக்கட்டும், நான் ஜார்ஜில்தான் உட்காருவேன்.

செல்லர்பையன் எழுதியது:

இரண்டு பேரும் ஆலையின் பெயரை வைத்துச் சண்டை போடுகிறீர்கள். மாணவனாக இருந்தபோது மேற்கு லண்டனில் ஒரு பப்பின் நிலவறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், காஸ்க் ஏல் நன்றாக இருப்பதும் கெடுவதும் பாதிக்கு மேல் அந்த நிலவறையில்தான் முடிவாகிறது.

ஊர்சுற்றி, நீங்கள் கேட்ட "அந்த ஊருக்கே உரிய பீர்" இதுதான். லாகரும் கெக் பீரும் ஆலையிலேயே வடிகட்டி, காற்றழுத்தம் ஏற்றி, முடிந்த சரக்காக வரும். காஸ்க் ஏல் முடியாமலே வரும். பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், பப்புக்கு வந்த பிறகும் நொதித்துக்கொண்டே இருக்கும். சாதாரணமாக வருவது ஃபர்கின், 9 காலன், அதாவது 72 பைண்ட்.

வந்ததும் அதைப் படுக்கவைத்து அசையாமல் ஆப்பு வைப்போம். மேல் தக்கையில் மென்மரத்தில் செய்த ஒரு சிறு முளையை அடித்து இறக்கினால், அதன் நுண்துளை வழியே நுரை கொப்பளித்து வெளியே வரும். துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொப்பளிப்பு அடங்கியதும் அதை எடுத்துவிட்டுக் கெட்டி முளையை வைப்போம், மிச்சக் காற்று உள்ளேயே தங்குவதற்காக. பிறகு ஈஸ்ட் அடியில் படியும்வரை காத்திருப்பு. முன்பக்கத் தக்கையில் குழாயை வைத்து மரச் சுத்தியலால் ஒரே அடி. தயங்கி அடித்தால் பீர் முகத்தில் பீறிடும். பீரை இறக்க ஆரம்பித்ததும் உள்ளே காற்று புகும், அந்த நிமிடத்திலிருந்து பீருக்கு வயது ஆரம்பம். சுமார் மூன்று நாளில் காலியாகிவிட வேண்டும், அதற்கு மேல் போனால் தட்டையாகி, அப்புறம் புளித்துவிடும்.

ஆகவே எந்தப் பப் என்பதைவிட, நிலவறையிலிருந்து பீரை இழுக்கும் பம்புகளில் எது ஓடுகிறது என்று பாருங்கள். எட்டுக் கைப்பம்பு வைத்து ஆளில்லாமல் கிடக்கும் இடத்தைவிட, இரண்டு வைத்து இரண்டும் ஓயாமல் ஓடும் இடம் மேல். கடை திறந்த உடனே முதல் ஆளாகப் போய் நிற்காதீர்கள், இரவு முழுக்கக் குழாயில் தங்கிய பீரை இழுத்துக் கொட்டிவிட வேண்டும், எல்லா இடத்திலும் அதைச் செய்வதில்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு வாய் மாதிரி கேளுங்கள், தருவார்கள். வினிகர் வாடை அடித்தால் திருப்பிக் கொடுங்கள், நல்ல பப்பில் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார்கள்.

சூடு பற்றி ஒன்று. நம் ஊர்க்காரர்கள் பலர் முதல் வாயிலேயே "என்னப்பா, பீர் சூடா இருக்கு" என்பார்கள். அது சூடு அல்ல, நிலவறையின் குளிர்ச்சி. 11 முதல் 13 டிகிரி செல்சியஸ். அதைவிடக் குளிரவைத்தால் மால்ட்டின் வாசனையும் ஹாப்ஸின் வாசனையும் மூடிக்கொள்ளும். ஜில்லென்ற பீர் தாகத்துக்கு, இது நாக்குக்கு. அரை கிளாஸ் போகும்வரை பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள், அப்பாவுக்குப் பிடித்துவிடும்.

பாலாற்றங்கரை எழுதியது:

இழை சுவையாகப் போகிறது. இடையில் ஒரு கேள்வி. இந்தியா பேல் ஏல் என்று எல்லா இடத்திலும் விற்கிறார்களே, அதற்கும் மதராஸுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, இல்லை விளம்பரமா?

தேம்ஸ்கரை எழுதியது:

தொடர்பு உண்டு. கிழக்கு லண்டனில் போ என்ற இடத்தில் ஹாட்சன் பீர் ஆலை இருந்தது, 18 ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நிற்கும் பிளாக்வால் அங்கிருந்து பக்கம். கப்பல் தலைவர்களுக்குத் தம் சொந்தக் கணக்கில் சரக்கு ஏற்றிக்கொள்ள உரிமை இருந்தது. ஹாட்சன் அவர்களுக்கு நீண்ட கடனில் பீர் கொடுத்தார். அப்படித்தான் அந்தப் பீர் மதராஸிலும் கல்கத்தாவிலும் இறங்கியது. கோட்டையில் இருந்த அதிகாரிகளும் வணிகர்களும் குடித்தது இந்த வெளிர்நிறப் பீர். சாதாரணச் சிப்பாய்க்குப் போனது போர்ட்டர்.

பயணத்தைத் தாங்குவதற்கென்றே ஒரு புதுப் பீரைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லுவது பிற்காலக் கதை. நெடுநாள் வைத்துக் குடிக்கும், ஹாப்ஸ் மிகுந்த பீர் இங்கிலாந்தில் முன்பே இருந்தது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது, விற்றது, நிலைத்தது. 1820களில் பர்ட்டன் ஊர் ஆலைகளான ஆல்சப்பும் பாஸும் போட்டிக்கு வந்தன. அந்த ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், வெளிர் பீரின் கசப்பு அதில் துல்லியமாக எழும்.

சைவப்பட்சி எழுதியது:

அப்பா சைவமா, ஊர்சுற்றி? ஆமென்றால் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. காஸ்க் பீரில் ஈஸ்ட்டைச் சீக்கிரம் அடியில் இறக்குவதற்கு ஐசிங்கிளாஸ் என்ற ஒன்றைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. அது அடியில் தங்கிவிடும், கிளாஸுக்கு வருவது அநேகமாக இல்லை என்றாலும், தெரிந்துகொண்டு முடிவெடுப்பது அவரவர் உரிமை. நான் தெரிந்த நாளிலிருந்து கேட்டுத்தான் குடிக்கிறேன்.

செல்லர்பையன் எழுதியது:

சைவப்பட்சி சொன்னது சரி. இப்போது மீன் சேர்க்காமலே காஸ்க் விடும் ஆலைகளும் இருக்கின்றன. பம்பில் மாட்டிய அட்டையில் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் பாரில் கேட்டால் சொல்வார்கள். அந்தப் பீர் லேசாகக் கலங்கியிருக்கும், கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். கெக் பீரில் பெரும்பாலும் வடிகட்டித்தான் தெளியவைக்கிறார்கள். கின்னஸும் ஐசிங்கிளாஸை விட்டுவிட்டது.

ஊர்சுற்றி எழுதியது:

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. அப்பா மீன் சாப்பிடுவார், அதனால் அந்தச் சிக்கல் இல்லை. அவரிடம் துடைப்பக் கதையைச் சொன்னேன். மில் தொழிற்சங்கத்தில் இருந்தவர், அந்தப் பலகையைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்கிறார். இப்போது என் கேள்விகள்: முழங்காலுக்கு இந்த வழி ஒத்துவருமா? இரண்டு பப்பையும் சேர்த்துக்கொள்ளலாமா? பாரில் எப்படிக் கேட்பது, டிப்ஸ் உண்டா?

நீலக்கடம்பு எழுதியது:

வழி முழுக்கச் சமதரைதான். பாலத்தின் தென்முனையில் படிக்குப் பதிலாகச் சரிவுப்பாதை இருக்கிறது. பார்க் ஸ்ட்ரீட்டிலும் கிளிங்க் ஸ்ட்ரீட்டிலும் சில இடத்தில் கருங்கல் பாவிய தரை, மழை பெய்தால் வழுக்கும். செருப்பு வேண்டாம், நல்ல ஷூவாகப் போடச் சொல்லுங்கள். சதக் பேராலயத்தின் முற்றத்தில் உட்கார இடம் உண்டு, சந்தைச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே அமைதியான இடம். நான் பீர் குடிப்பதில்லை, ஆனாலும் என் கணவரோடு இந்த நடைக்குப் பலமுறை போயிருக்கிறேன். பப்பில் எலுமிச்சை சோடாவோ ஆல்கஹால் இல்லாத பீரோ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை.

தேம்ஸ்கரை எழுதியது:

இரண்டையும் தாராளமாகச் சேர்க்கலாம். ஜார்ஜில் ஆளுக்கு அரை பைண்ட், ராயல் ஓக்கில் சாவகாசமாக ஒரு பைண்ட். வியாழன் மாலை லண்டனில் அலுவலகக் கூட்டம் பப்புக்கு இறங்கும் நேரம். ஐந்து மணிக்கு மேல் ஜார்ஜ் முற்றத்தில் நிற்க இடம் கிடைக்காது. நான்கு மணிக்கு முன் அங்கே போய்விட்டால் உள்ளே மேசை கிடைக்கும். ஆக, செயின்ட் பால்ஸில் ஒரு மணிக்குத் தொடங்குங்கள்.

பரோ ஹை ஸ்ட்ரீட் 67 ஆம் எண் கட்டடத்தையும் விட்டுவிடாதீர்கள். லெ மே என்ற ஹாப்ஸ் வியாபாரிகளின் பழைய முகப்பு. செம்மண் நிறத்தில், ஹாப்ஸ் கொடியிலிருந்து பூப் பறிப்பவர்களைப் புடைப்பாகச் செய்து வைத்திருப்பார்கள்.

ஹாரோவாசி எழுதியது:

அப்ப சரி, அண்ணையோடை சமாதானம். இன்னொன்று சொன்னால் அவரும் ராயல் ஓக்குக்கு வந்துவிடுவார். பார்க் ஸ்ட்ரீட் ஆலை ரஷ்யாவுக்கு அனுப்பின இம்பீரியல் ஸ்டவுட் என்ற கறுத்த, கனத்த பியர் ஒன்று இருந்தது. அதை லண்டனில் வாங்கிப் பால்டிக் கடல் பக்கம் அனுப்பினவர் ல கொக் என்ற வியாபாரி. அந்தப் பியரை அவருடைய பெயரோடு திரும்பக் காய்ச்ச எடுத்தது ஹார்விஸ்தான். இம்பீரியல் எக்ஸ்ட்ரா டபுள் ஸ்டவுட், 9 வீதம், போத்தலில் வரும். பின்னேரம் நீங்கள் சுவரில் பலகையாகப் பார்த்த ஆலையின் வாரிசு இது. ராயல் ஓக்கில் இருக்கிறதா எண்டு கேட்டுப் பாருங்கோ. இருந்தால் ஒரு போத்தலை ரெண்டு பேர் பகிர்ந்து குடியுங்கோ, தனியாக ஒருவர் எடுக்கிற சாமான் அல்ல அது. காய்ந்த பழமும் கரியும் புகையிலையும் கலந்த மணம், சின்னச் சின்ன வாயாகத்தான் போகும்.

செல்லர்பையன் எழுதியது:

பார் முறை சொல்லிவிடுகிறேன். மேசைக்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள். பாருக்குப் போய் நின்று, கேட்டு, அங்கேயே காசு கொடுத்து, கையோடு எடுத்து வர வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யார் முதலில் வந்தது என்று பாரில் நிற்பவருக்குத் தெரியும். கையை ஆட்டவோ நோட்டை நீட்டவோ கூடாது. உங்களுக்கு முன்னால் வந்தவர் இருக்க, உங்களைக் கேட்டால் அவரைக் காட்டிவிடுங்கள், அது மரியாதை. பீருக்கு டிப்ஸ் வழக்கம் இல்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு சுற்று வாங்குவார்கள், ஒருவர் வாங்கிக் கொடுத்ததைக் குடித்துவிட்டுத் தன் சுற்றை வாங்காமல் எழுந்து போவது மட்டும் மன்னிக்கப்படாது. நுரை அதிகமாக இருந்தால் "டாப் அப்" என்று கேளுங்கள், ஊற்றித் தருவார்கள்.

ஊர்சுற்றி எழுதியது:

திட்டம் தயார். ஒரு மணிக்கு செயின்ட் பால்ஸ், பாலம், டேட் வாசலில் ஓய்வு, பார்க் ஸ்ட்ரீட், சந்தையில் சாப்பாடு, 67 ஆம் எண் முகப்பு, ஜார்ஜ், மணிக்கூண்டு, ராயல் ஓக். அன்று மாலை யாராவது லண்டனில் இருந்தால் ராயல் ஓக்குக்கு வாருங்கள், முதல் சுற்று அப்பாவுடையது.

ஹாரோவாசி எழுதியது:

நான் வாறன். ஐந்து மணிக்குப் பிறகு எப்படியும் அங்கை நிற்பன். பப் திறந்திருக்கிற நேரத்தை மட்டும் முதல் நாளே ஒருக்காப் பார்த்துக்கொள்ளுங்கோ, சின்னப் பப்புகள் நேரத்தை மாற்றுறது உண்டு. திரும்பிப் போக பரோ ட்யூப் நிலையம் கிட்டத்தான், ஆனால் அப்பாவுக்குப் படி வேண்டாமென்றால் லண்டன் பிரிட்ஜ் நிலையத்துக்கு வாங்கோ, அங்கை எல்லாத்துக்கும் லிஃப்ட் இருக்கு.